தல மரத்துக்கு ஒரு வாரிசு

திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்து தெற்கே செல்பவர்களுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை வலக்கைப் புறத்தில் விடாமல் துணை வந்துகொண்டே இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சேத்தூர். ஒரு காலத்தில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர். தமிழ்ப் புலவர்களைப் போற்றி ஆதரித்த சமஸ்தானம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. இன்று நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சூழ்ந்த பேரூராக மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது. ராஜபாளையம் வட்டாரத்துச் சப்பட்டை மாம்பழத்தின் சுவையை அறிந்தவர்களுக்கு இவ்வூர்த் தோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சேத்தூரை அடுத்து, மலைக்கு இன்னும் அருகில் அமைந்திருப்பது தேவதானம். அங்கே எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. அம்பிகை தவம்பெற்ற நாயகி. பாண்டியனைப் போரில் வெல்ல இயலாத சோழன், நஞ்சு தோய்ந்த ஆடை ஒன்றைப் பரிசென அனுப்ப, இறைவன் அந்தத் தீங்கைத் தவிர்த்துத் தன் அடியவனைக் காத்தருளினார் என்பது தல வரலாறு. சேத்தூர் ஜமீனுடன் நெடுங்காலத் தொடர்புடைய திருக்கோயில் இது. இவ்வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களுள் இது ஆகாயத் தலம். சங்கரன்கோவில் மண் தலம். கரிவலம்வந்தநல்லூர் நெருப்புத் தலம். தாருகாபுரம் நீர்த் தலம். தென்மலை காற்றுத் தலம். சிவராத்திரி நாளில் இந்த ஐந்து தலங்களையும் ஒருங்கே வழிபடும் அன்பர்கள் கூட்டம் கூட்டமாக வருவது இன்றும் வழக்கம்.

தேவதானத்தின் தல மரம் நாகலிங்கம். மகப்பேறு வேண்டுவோர் நாகலிங்கப் பூவைப் பசும்பாலில் சேர்த்து அருந்தினால் வேண்டுதல் நிறைவேறும் என்பது இத்தலத்து நம்பிக்கை. நாகலிங்கப் பூவைக் கையில் ஏந்திப் பார்த்தவர்கள் அதனை மறப்பதில்லை. மற்ற மரங்கள் கிளை நுனியில் பூக்கும். இதுவோ அடிமரத்தைச் சுற்றிக் கயிறுபோல் தொங்கும் காம்புகளில் பூக்கிறது. சிவந்த இதழ்களுக்கு நடுவே சிறு லிங்கம்போல் ஒரு திரட்சி. அதன்மேல் நூற்றுக்கணக்கான மகரந்த இழைகள் ஒன்றுசேர்ந்து படம் எடுத்த நாகம்போல் கவிந்திருக்கும். மணமோ பிரகாரம் முழுவதும் நிறையும். இப்பூவைச் சிவபெருமானுக்கு உரியதென நம் முன்னோர் கொண்டதில் வியப்பில்லை.

வியப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. நாகலிங்க மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. அப்பகுதியின் மழைக்காடுகளில் அதனைக் கண்ட பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆப்லே, 1775-ல் கயானா நாட்டின் பெயரைச் சேர்த்து அதற்குத் தாவரவியல் பெயர் சூட்டினார். உருண்டு திரண்ட அதன் காய்களைக் கண்ட ஐரோப்பியர் பீரங்கிக் குண்டு மரம் என்று அழைத்தார்கள். அவர்கள் கண்ணுக்குக் காய் தெரிந்தது; நம்மவர் கண்ணுக்குப் பூ தெரிந்தது. கடல் கடந்து வந்த மரத்தில் பரமனின் திருவுருவைக் கண்டு கோயிலுக்குள் இடம் கொடுத்தது இந்த மண். இதனால் தலத்தின் பெருமை சிறிதும் குறைவதில்லை. ஆனால் ஓர் உண்மை இதிலிருந்து தெளிவாகிறது. தமிழகத்துத் திருக்கோயில்களில் நிற்கும் ஒவ்வொரு நாகலிங்க மரமும் தானாக முளைத்து வளர்ந்ததன்று. யாரோ ஓர் அன்பர் விதையோ கன்றோ கொண்டுவந்து, குழி தோண்டி, நீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். நாகலிங்கம் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நட்டவர் முதுமையில் நட்டிருந்தால், அதன் முதல் பூவை அவர் கண்டிருக்கவும் மாட்டார்.

இந்த எண்ணத்துடன் நம் திருக்கோயில்களின் தல மரங்களைப் பார்த்தால் மனத்தில் ஒரு கவலை எழும். பிரகாரம் முழுவதும் தளக்கல்லும் சிமெண்டும் பரவியிருக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட இல்லாதபடி மேடை கட்டி, அதன்மேல் பளிங்கும் பதித்திருக்கிறார்கள். மழைநீர் வேருக்குச் செல்ல வழியில்லை. வேருக்குக் காற்றும் இல்லை. வேண்டுதலுக்காகக் கட்டப்படும் நைலான் கயிறுகளும் நெகிழித் தொட்டில்களும் கிளைகளை இறுக்குகின்றன. அறிவிப்புப் பலகைகளுக்காக அடிமரத்தில் ஆணி அடிக்கிறார்கள். வேரடியிலேயே நெய்விளக்கும் கற்பூரமும் ஏற்றுவதால் பட்டை கருகி, அந்த வழியே பூஞ்சையும் கரையானும் உள்ளே புகுகின்றன. இவற்றைச் செய்பவர்கள் யாவரும் பக்தியுடையவர்களே என்பதுதான் வருத்தத்துக்குரியது.

மரத்துக்கு முடிவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பழைய கடம்ப மரத்தின் அடிப்பகுதியைப் பாதுகாத்து வைத்திருப்பதை அன்பர்கள் கண்டு வணங்கியிருப்பார்கள். மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர் வரக் காரணமான மர இனத்தின் நினைவு அது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் மாமரம் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமையுடையது என்றும், நான்கு கிளைகள் நான்கு வேதங்களாகி நால்வகைச் சுவையுள்ள கனிகளைத் தந்தன என்றும் போற்றப்பட்டது. அதன் பழைய அடிமரத்தின் ஒரு பகுதியும் கோயிலிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அம்மரத்தின் வழி வந்த மாமரம் அதே இடத்தில் தழைத்து நிற்கிறது என்பதே காஞ்சியின் சிறப்பு.

மாமரத்தைப் பொறுத்தவரை வழிவழியாக வளர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டையை நட்டால் முளைக்கும். ஆனால் முளைத்து வருவது தாய் மரத்தின் குழந்தையே தவிர, தாய் மரமே அன்று. கனியின் சுவை, வடிவம், பருவம் அனைத்தும் மாறலாம். சப்பட்டைக் கொட்டையை நட்டவருக்குச் சப்பட்டையே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாததற்குக் காரணம் இதுதான். அதே மரம் வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றை வேர்ச்செடியாகக் கொண்டு, தாய் மரத்தின் இளந்தளிர்க் கிளையை அதனோடு இணைத்துக் கட்டினால் இரண்டும் சில வாரங்களில் ஒன்றாகும். அதன்பின் மேலே வளர்வது முழுவதும் பழைய மரமே. சேத்தூர், ராஜபாளையம் தோப்புக்காரர்களுக்கு இது கைவந்த கலை. தங்கள் தோப்பின் நல்ல மரத்துக்குச் செய்வதை ஊர்க் கோயிலின் பழைய மரத்துக்கும் செய்து தர அவர்களால் இயலும், கேட்பவர்தான் வேண்டும்.

எல்லா மரங்களுக்கும் ஒரே வழி பொருந்தாது. ஆலும் அரசும் கிளையைப் போத்தாக வெட்டி நட்டாலே வேர்விடும். வில்வம் விதையில் முளைக்கும். வேரிலிருந்தும் பக்கக் கன்றுகளை விடும். சங்கரன்கோவிலின் தல மரமான புன்னையின் கொட்டைக்கு ஓடு கடினம். ஓட்டைப் பக்குவமாக உடைத்து நட்டால் விரைவில் முளைக்கும், உடைக்காவிடில் பொறுமை வேண்டும். நாகலிங்கக் காய் முற்றி விழ ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பூவின் மணத்துக்கு நேர்மாறாக அதன் சதை தீய நாற்றம் வீசும். அந்தச் சதைக்குள்தான் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். கழுவி எடுத்த புதிய விதையை உடனே விதைப்பதே நல்லது. கோயில் துப்புரவுப் பணியாளர்கள் குப்பையோடு ஒதுக்கித் தள்ளும் ஒரு காயில் நூறு கோயில்களுக்குத் தேவையான கன்றுகள் அடங்கியிருக்கின்றன. இந்த மரம் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேலும் இலைகளை முழுவதுமாக உதிர்த்துச் சில நாட்களிலேயே மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. தல மரம் பட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

மூங்கிலின் கதை தனி. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தல மரம் மூங்கில். தலத்துக்கு வேணுவனம் என்றே பெயர். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, நெல் போன்ற விதைகளை உதிர்த்து, புதர் முழுவதும் மடியும். ஒரே புதரிலிருந்து பிரித்து நட்ட கிழங்குகள் வேறு வேறு ஊரில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்து மடிகின்றன. எனவே கிழங்கைப் பிரித்து நட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பூக்கும் ஆண்டில் விதையைத் தவறாமல் திரட்டியாக வேண்டும். இதனை நினைவில் வைத்திருப்பவர் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.

தென்பாண்டி நாடு மரங்களை வழிபட்ட விதத்துக்கு இரு தலங்களையேனும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. சேத்தூரிலிருந்து தென்காசி வழியே சென்றால் குற்றாலம். திருஞானசம்பந்தப் பெருமான் குற்றாலத்து இறைவனைப் பாடியதோடு நிற்காமல், அங்குள்ள குறும்பலாவுக்கெனத் தனியே ஒரு பதிகமும் அருளினார். மற்றொன்று ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்த புளியமரம் அங்கே உள்ளது. புளியமரத்தின் இலைகள் இரவில் கூம்பும். இம்மரத்தின் இலைகள் கூம்புவதில்லை என்பதால் உறங்காப்புளி என்று பெயர். குருகூர்ப் புளி என்றாலே வைணவ அன்பர்கள் கைகூப்புவார்கள்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலை இராஜகோபுரத்தைத் தரிசித்து உள்ளே செல்லும் அன்பர்கள், பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனத்தையும் தவறாமல் சேவிக்கிறார்கள். துளசி எத்தனை ஆண்டு வாழும்? மிஞ்சினால் சில ஆண்டுகள். மரங்களோடு ஒப்பிட்டால் அது ஒரு நாள் வாழ்வு. ஆயினும் பெரியாழ்வார் காலத்திலிருந்து இன்றுவரை இவ்வூரில் துளசிக்குக் குறை வந்ததில்லை. கதிர் முற்றியதும் உதிர்த்து விதைப்பதும், பழைய செடி வாடுமுன் புதிய செடி தயாராக நிற்பதும் நந்தவனத்தாரின் அன்றாடப் பணி. ஆண்டாளின் திருக்கரத்தில் அமரும் கிளியைப் பாருங்கள். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேற்றைய கிளி இன்று இல்லை, ஆயினும் ஆண்டாள் கிளி இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. சில ஆண்டே வாழும் செடிக்கு இத்தனை முன்யோசனை செய்யும் நாம், பல நூறு ஆண்டு வாழும் மரத்துக்கு எதுவும் செய்வதில்லை. அது என்றும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். வங்கியில் ஒரு சிறு வைப்புத்தொகை போட்டாலும் வாரிசுதாரர் பெயரை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே எழுந்து வருகிறோம். ஊரின் தல மரத்துக்கு வாரிசு யார் என்று கேட்டால் பதில் இல்லை.

வாரிசை முன்பே ஏற்படுத்தியதால் பிழைத்த மரம் ஒன்று இலங்கையில் உள்ளது. புத்தகயையில் புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் கிளையைப் பேரரசர் அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கொண்டுசென்று அனுராதபுரத்தில் நடச் செய்தார். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மரம் அங்கே காவலும் பராமரிப்பும் பெற்று நிற்கிறது. மனிதர் நட்ட மரங்களுள் காலம் அறியப்பட்ட மிகப் பழைய மரம் என்று அதனைக் கூறுவார்கள். தாய் மண்ணான புத்தகயையில் நின்ற மரம் 1876-ல் புயலில் விழுந்தது. அங்கும் அதன் வழிக்கன்று நடப்பட்டு, இன்று பெருமரமாக நிற்கிறது. மரம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் ஒரு புயல் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரமும் 1989-ல் பெருங்காற்றில் சாய்ந்ததுதான். கல்கத்தாவுக்கு அருகே தாவரவியல் பூங்காவில் உள்ள ஆலமரத்தின் அடிமரம் நோயுற்று 1925-ல் அகற்றப்பட்டது; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளே இன்று அதனைத் தாங்குகின்றன. ஆலுக்கு விழுது உண்டு. மாவுக்கும் புன்னைக்கும் நாகலிங்கத்துக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

மீண்டும் சேத்தூர் மலையடிவாரத்துக்கு வருவோம். தேவதானத்துக்கு மேற்கே மலைச்சரிவில் சாஸ்தா கோயிலும், ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனார் கோயிலும் உள்ளன. அய்யனார் வனத்தில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சியவர்கள் நம் முன்னோர். நீர்காத்த என்ற அடைமொழியே போதும். அய்யனார் காத்தது காட்டை, காடு காத்தது நீரை. ஓடையில் தண்ணீர் வரும்வரை வயலில் நாற்று நடலாம் என்ற கணக்கை அறிந்திருந்தார்கள். இம்மலைக்காடுகளில்தான் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. சாதாரண அணிலைவிடப் பன்மடங்கு பெரியதான இவ்வுயிர், தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. கிளையோடு கிளை தொடும் முதிய மரங்கள் தொடர்ச்சியாக இல்லாவிட்டால் அதற்கு வழியில்லை. அதற்காக 1988-ல் இங்கே ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அது விரிந்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காட்டை, 4.97 ஹெக்டேர் பரப்பே உடையதாயினும், 2025-ல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருப்பது கோயிற்காடுகளைப் போற்றுவோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சிறு தெய்வக் கோயில்களின் காடுகளைத் திருப்பணி என்ற பெயரில் வெட்டிச் சீராக்கி, தகரக் கொட்டகையும் சிமெண்டுத் தளமும் போடுவதை ஊர்ப் பெரியவர்கள் இனியேனும் தடுத்து நிறுத்த வேண்டும்.

இந்து சமய அறநிலையத் துறையும் 2021-ல் திருக்கோயில்களில் ஒரு லட்சம் தல மரக்கன்றுகளை நடும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி. இதில் அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாற்றங்காலில் வாங்கும் கன்று அதே இனமாக இருந்தாலும், அந்தத் தலத்து மரத்தின் வழி வந்ததாக இருக்க வேண்டியதில்லை. கடம்பு என்ற பெயரிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் உள்ளன. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேறு மரம் வந்து சேரும். கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதருக்குரிய களா மரத்தின் வழிக்கன்று வேண்டுமானால், அந்தத் தலத்துக் களாவின் பழத்திலிருந்தே விதை எடுப்பதுதான் முறை. அதற்குக் கோயில் அலுவலகத்தாரின் அனுமதியும் அர்ச்சகரின் ஒத்துழைப்பும் போதுமானவை. உதிர்ந்த காயை எடுப்பதால் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கிளையை ஒடிப்பதும் இலையைப் பறிப்பதும்தான் கூடாது.

பணி ஓய்வு பெற்று, காலையும் மாலையும் கோயிலுக்குச் செல்வதையே நியமமாகக் கொண்ட மூத்த அன்பர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். இப்பணிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. வீட்டு முற்றத்தில் நான்கு மண்தொட்டிகள் போதும். விதைத்த நாள், முளைத்த நாள், எந்தத் தலத்து மரம் என்ற விவரங்களைப் பேரப்பிள்ளைகளின் கையால் ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். கோயிலில் நகைகளுக்கும் வாகனங்களுக்கும் பதிவேடு இருப்பதுபோல் தல மரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அடிமரத்தின் சுற்றளவு, பூக்கும் மாதம், வழிக்கன்று நட்ட இடம் ஆகியவற்றை எழுதிவைக்கும்படி அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்ளலாம். கன்று முழ உயரம் வந்ததும் ஒன்றைக் கோயில் நந்தவனத்திலும், மற்றவற்றை அதே தெய்வம் எழுந்தருளியிருக்கும் அண்டை ஊர்களிலும் நடலாம். தாய் மரம் நலமாக இருக்கும்போதே இது நடந்துவிட வேண்டும். பட்டுப்போன கிளையில் ஒட்டுக்குத் தளிர் கிடைக்காது.

அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமெண்டைப் பெயர்த்து ஐந்தடி அகலத்துக்கு மண்ணைத் திறந்துவிடுவதும் ஒரு திருப்பணியே. கும்பாபிஷேகத்துக்கு வசூலாகும் தொகையில் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கொத்தனார் ஒருவரும் சிற்றாள் ஒருவரும் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். பெயர்க் கல்வெட்டு வைக்க அதில் இடமில்லை என்பதாலோ என்னவோ, உபயதாரர்கள் அதற்கு முன்வருவது அரிது.

தேவதானம் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் பேருந்துகள் சேத்தூர் வழியாகச் செல்கின்றன. சேத்தூரில் இறங்கினால் ஆட்டோ வசதி உண்டு. நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே சென்று சுவாமியையும் தவம்பெற்ற நாயகியையும் தரிசிப்பது நல்லது. நாகலிங்கம் விடியற்காலையில் மலரும். வெயில் ஏறுவதற்கு முன் சென்றால் பிரகாரத்தில் புதிதாக உதிர்ந்த பூக்கள் கிடைக்கும். முற்றிய காய்கள் விழும் மரம் ஆதலால் நேர் அடியில் அமராமல் சற்றுத் தள்ளி அமர்வது நலம். விழுந்து உடைந்த காய் ஏதேனும் கண்ணில் பட்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது, ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு அர்ச்சகரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.